சாட்சிக் கையெழுத்து

போன வாரம் திடீரென்று குளிர் இறங்கியது. அலமாரி அடியில் கிடந்த பழைய மேல்கோட்டை எடுத்து உதறியபோது உள்பையில் ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது. கட்டைவிரல் நீளத்தில் ஒரு பென்சில் துண்டு. மஞ்சள் பூச்சு பாதி உரிந்திருந்தது. ரப்பர் தேய்ந்துபோய், அதைப் பிடித்திருந்த தகர வளையம் மட்டும் நசுங்கி நின்றது. மூக்கருகே கொண்டுபோனேன். மரத்தூள் வாசனை. அவ்வளவுதான், வட கரோலினாவின் தலைநகரான ராலேயில், ஜோன்ஸ் தெருவில் இருக்கிற மாநில ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறைக்குள் போய் நின்றுவிட்டேன்.

அங்கே பேனாவுக்கு அனுமதி கிடையாது. இருநூறு வருஷத்துத் தாளில் ஒரு சொட்டு மை விழுந்தால் விழுந்ததுதான். பையை வெளியே பூட்டிவைத்துவிட்டு, பென்சிலும் வெள்ளைத் தாளும் மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். அந்த அறைக்கு என்னைக் கூட்டிப்போனவர் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா. வண்டி ஓட்டியது நான், கூட்டிப்போனது அவர்.

எழுபது கடந்தவர். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவின் தென்பகுதியில் பெரியவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பேரன் பேத்தி எடுத்தவராக இருந்தாலும் முதல் பெயருக்கு முன்னால் ஒரு 'மிஸ்' சேர்ப்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் என்னை 'ஹனி' என்பார். எங்கள் அம்மாயி 'கண்ணு' என்று கூப்பிடுகிற அதே இழுப்பு. அப்போது நான் அந்த ஊருக்குக் குடிபோன புதிது. என் விசாவில் வேலைக்குப் போக முடியாது. குழந்தை பள்ளிக்கூடம் போனபின் வீடு வெறிச்சென்று இருக்கும். அவருக்கோ கண்ணில் புரை வளர்ந்து, நெடுஞ்சாலையில் ஓட்டப் பயம். ஒருநாள் வேலியோரமாக வந்து, "செவ்வாய்க்கிழமை காலையில உனக்கு வேலை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

முதல் நாள் தன் சமையலறை மேஜையில் ஒரு பெரிய பைபிளைத் தூக்கி வைத்தார். தோல் அட்டை பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்து அமெரிக்கக் குடும்பங்களில் பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் பைபிளில்தான் எழுதிவைப்பார்கள். பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்குவதற்கு நடுவே அதற்கென்றே வெற்றுப் பக்கங்கள் விட்டிருப்பார்கள். அவர் அந்த இடத்தைத் திறந்து காட்டினார். தாள்களைக் காணோம். கத்தியால் நேராக அறுத்த ஓரம் மட்டும் நூலோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"கிழிச்சது இல்லை, பாரு. பாத்து அறுத்திருக்காங்க" என்றார். அறுத்ததற்கு ஒரு காரணத்தையும் அவர் வைத்திருந்தார். புரட்சிப் போரில் சண்டையிட்டவர்களின் விதவைகளுக்கு 1836இல் வந்த சட்டம் ஓய்வூதியம் கொடுத்தது. கல்யாணம் நடந்ததற்குச் சாட்சியம் கேட்டார்கள். பல விதவைகளிடம் இருந்த ஒரே சாட்சியம் அந்த பைபிள் பக்கம்தான். அதையே அறுத்து வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். அப்படிப் போன பக்கங்கள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளில் இருக்கின்றன. தன் வீட்டுப் பக்கங்களும் அங்கே கிடக்கும் என்று மிஸ் நம்பினார்.

கையில் இருந்தது மிகக் குறைவு. அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர். அதற்கு மேலே, மூன்று சகோதரர்கள் ஒரே கப்பலில் வந்து இறங்கினார்கள் என்ற கதை. காப்பகத்தில் அந்தக் கதையைக் கேட்ட ஊழியர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். பாதி அமெரிக்கக் குடும்பங்கள் அதே மூன்று சகோதரர்களோடுதான் வருகின்றன என்பதை நாங்கள் பிறகு தெரிந்துகொண்டோம்.

வெள்ளைக்காரர்கள் எல்லாவற்றையும் எழுதிவைப்பவர்கள் என்று நினைத்துக்கொண்டு போனவள் நான். வட கரோலினாவில் பிறப்பு, இறப்புகளை மாநிலம் முழுவதும் பதிவு செய்யத் தொடங்கியதே 1913இல்தான். மக்கள்தொகைக் கணக்கு 1790இலிருந்து இருக்கிறது. ஆனால் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மனைவி மக்கள் எல்லாம் வெறும் எண்ணிக்கை. 1790 பட்டியலில் ஐந்தே கட்டங்கள். பதினாறு வயதும் அதற்கு மேலும் உள்ள வெள்ளை ஆண்கள், அதற்குக் கீழே உள்ள பையன்கள், வெள்ளைப் பெண்கள் வயது வித்தியாசமில்லாமல் ஒரே கட்டத்தில், பிறகு மற்ற சுதந்திர மனிதர்கள், கடைசியில் அடிமைகள். சுதந்திரமான ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுதியது 1850இல். யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதியது 1880இல். அதற்கடுத்த 1890 கணக்கின் பெரும்பகுதி வாஷிங்டனில் 1921இல் நடந்த தீ விபத்தில் பாழானது, எஞ்சியதையும் பின்னாளில் அரசே அழித்துவிட்டது.

1850 வரை மிஸ்ஸின் குடும்பத்தை மளமளவென்று பிடித்துவிட்டோம். அதற்குமேல் ஒரே ஓடையோரத்தில் ஒரே பெயரில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவருக்கு 'சீனியர்', ஒருவருக்கு 'ஜூனியர்'. அப்பாவும் மகனும் என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டோம். அந்தக் காலத்தில் அதற்கு மூத்தவர், இளையவர் என்றுதான் பொருள், சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம் என்று தெரிந்தபோது மூன்று வாரத்து வேலை வீணாகியிருந்தது. மிஸ் அந்தத் தாளை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "சரி, மறுபடியும் முதல்ல இருந்து" என்றார்.

ஓடை இருக்கும் இடம் அசையவில்லை, ஆனால் மாவட்டம் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் ஆன்சன் கவுன்ட்டி. 1753இல் அதிலிருந்து ரோவன் பிரிந்தது. 1836இல் ரோவனிலிருந்து டேவி பிரிந்தது. ஒரே மேட்டில் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை உட்கார்ந்திருந்தாலும் அவர்களுடைய காகிதங்கள் மூன்று நீதிமன்றங்களில் கிடக்கும். எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. எங்கள் மாயவரம் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்து, நாகப்பட்டினத்துக்குப் போய், 2020இல் தனி மாவட்டமாகிவிட்டது.

அப்பா மாயவரத்தில் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே சாய்வு மேஜை போட்டு உட்கார்ந்து, முத்திரைத் தாளில் முத்து முத்தாக எழுதுவார். கிழக்கே இன்னார் நஞ்சை, மேற்கே வாய்க்கால், இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட நிலம் என்று அவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதுவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். ரோவன் கவுன்ட்டிக் கிரயப் பத்திரத்தை மைக்ரோஃபிலிம் சுருளில் முதன்முதலாகப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. ஓடைக்கரையில் நிற்கும் வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, தெற்கே இத்தனை கோல், ஹிக்கரி மரம், அங்கிருந்து இன்னார் நிலத்து எல்லை வழியாகக் கிழக்கே இத்தனை கோல் என்று போகிறது. கோல் என்பது பதினாறரை அடி. மரத்தின் பெயரும் அளவும் வேறு. வாசகத்தின் நடை அப்பாவுடையது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அட்டை வாங்கி ஊருக்குப் பேசுவேன். பத்து நிமிஷத்தில் எட்டு நிமிஷம் அம்மா. மீதி இரண்டில் நான் அப்பாவிடம் இந்த ஓடையைப் பற்றிச் சொன்னேன். மூன்று பேருக்கும் ஒரே பெயர், பிரிக்க முடியவில்லை, பொண்டாட்டி யார் என்று எங்கேயும் இல்லை என்றேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்.

"சாட்சி போட்டது யாரும்மா?"

நாங்கள் அதைக் குறித்துக்கொள்ளவே இல்லை.

"பத்திரத்த அடியிலேருந்து படி. வித்தவனும் வாங்கினவனும் ஆயிரம் பேரு இருப்பான். சாட்சிக்கு வீட்டு ஆளத்தான் கூட்டிட்டு வருவான். மச்சான், மாமனாரு, பக்கத்து நிலத்துக்காரன். பக்கத்து நிலத்துக்காரனே மாமனாரா இருப்பான்."

அமெரிக்க வம்சாவளி ஆராய்ச்சியில் பெரிய பெயரான எலிசபெத் ஷோன் மில்ஸ் இதே வழியைத்தான் சொல்கிறார் என்று மிஸ் பிறகு ஒரு புத்தகத்தில் காட்டினார். நண்பர், உடன் தொழில் செய்தவர், அண்டை அயலார் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'ஃபேன்' என்று ஒரு பெயரும் இருக்கிறது. மாயவரம் சாய்வு மேஜையில் அதற்குப் பெயர் இல்லை, அவ்வளவுதான். மிஸ்ஸிடம் அப்பா சொன்னதைச் சொன்னபோது அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க அப்பா இங்க இருந்திருந்தா நமக்கு ஒரு வருஷம் மிச்சம்" என்றார்.

அதன்பிறகு பழைய பத்திரங்களையெல்லாம் திரும்ப எடுத்தோம். அந்தச் சுருள்களின் இயந்திரம் இன்றும் காதில் இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் சர்ரென்று ஓடும், நிறுத்தினால் எழுத்துகள் ஒரு கணம் நடுங்கி நிற்கும். ஒரு மணி நேரத்தில் தலை சுற்றும். சால்ட் லேக் சிட்டியில் இருக்கிற குடும்ப வரலாற்று நூலகம் சுருள்களை வெளியூருக்கு அனுப்புவதையே 2017இல் நிறுத்திவிட்டது. எல்லாம் கணினித் திரைக்கு வந்துவிட்டன. பெயரைத் தட்டினால் பக்கம் வந்து நிற்கிறது. ஆனால் தேடாத பெயர் கண்ணில் படுவதில்லை. அன்று ஒரு பெயரைத் தேடி நூறு பெயரைக் கடந்து போனதால்தான் எங்களுக்கு அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் கிடைத்தார். ஓடைக்கு மேல்கரைக்காரர். மூன்று பேரில் நடுவிலவருடைய முதல் பத்திரத்தில் சாட்சி அவர். வரிப் பட்டியலில் அதே குடிப்படைக் காப்டனின் பிரிவில் அவர். எல்லா எல்லையிலும் அவர்.

அதற்கு நடுவில் ஓய்வூதியக் கோப்பும் வந்தது. 1832ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயிரோடிருந்த பழைய வீரர்கள் நீதிமன்றத்தில் வந்து தங்கள் போர்க்கால அனுபவத்தை வாக்குமூலமாகச் சொல்ல வேண்டும். எங்கள் நடுவிலவர் எழுபத்தைந்து வயதில் வந்து சொல்லியிருந்தார். 1781 பிப்ரவரியில் கார்ன்வாலிஸின் பிரிட்டிஷ் படை கட்டாபா ஆற்றைக் கடந்து வந்தபோது குடிப்படையான மிலிஷியாவில் இருந்தவர். சண்டையைப் பற்றி நாலே வரி. காலில் செருப்பு இல்லாமல் நடந்ததைப் பற்றி ஆறு வரி. எல்லோரிடமும் கேட்கிற கேள்விகளில் முதலாவது, எங்கே, எந்த வருஷம் பிறந்தீர்கள். இரண்டாவது, உங்கள் வயதுக்கு ஏதாவது பதிவு இருக்கிறதா, இருந்தால் எங்கே இருக்கிறது.

பென்சில்வேனியாவில் பிறந்தேன் என்று சொல்லியிருக்கிறார். பதிவு அப்பாவின் பைபிளில் இருந்தது, அதை அண்ணன் மேற்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார், பிறகு நான் பார்க்கவில்லை என்று முடித்திருக்கிறார். அடியில் பெருக்கல் குறி போட்டதுபோல் ஒரு கைநாட்டு.

மிஸ் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அறுத்த பக்கங்கள் அந்தக் கோப்பில் இல்லை. அவருடைய மனைவி அவருக்கு முன்பே போய்விட்டதால் விதவை மனுவே கிடையாது. "அவருக்கே இல்லையே, கண்ணு. அவருகிட்டயே இல்லாம போயிடுச்சே" என்றார் கடைசியில். எனக்கும் தொண்டை அடைத்தது. நாம்தான் பதிவுகளைத் தொலைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தக் கிழவர் கோர்ட்டில் நின்றபோதே அவை தொலைந்து அறுபது வருஷம் ஆகியிருக்கும்.

யாட்கின் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுடைய கதை வேறு. ஏறக்குறைய ஒரு லட்சம் ஏக்கர் வாங்கிக்கொண்டு 1753இல் வந்து குடியேறிய மொரேவியக் கிறிஸ்தவர்கள். அங்கேயும் ஒரு சேலம் உண்டு, 1766இல் கட்டத் தொடங்கியது. அவர்கள் தினமும் நாட்குறிப்பு எழுதினார்கள். மழை, ஆலைக்கு மாவரைக்க வந்தவர், வைத்தியரிடம் வந்த பக்கத்து ஊர்க்காரர், எல்லாம். ஒவ்வொருவரும் தன் வாழ்க்கைக் கதையை எழுதிவைக்க வேண்டும், அடக்கத்தின்போது அதை வாசிப்பார்கள். அடீலெய்ட் ஃப்ரைஸ் ஜெர்மனிலிருந்து மொழிபெயர்த்துத் தொகுத்த அந்தப் பதிவுகளை வின்ஸ்டன்-சேலத்து வாசிப்பறையில் படித்துக்கொண்டிருந்தபோதுதான், இதே சபையார் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்திருந்தார்கள் என்று தெரிந்தது. மாயவரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். சிறுவயதில் கடல் பார்க்கப் போன ஊர். கோட்டைச் சுவரில் உட்கார்ந்து சுண்டல் தின்ற எனக்கு, அங்கே வந்தவர்களும் யாட்கின் ஆற்றங்கரைக்கு வந்தவர்களும் ஒரே சபை என்பது அந்த வாசிப்பறையில் தெரிய வேண்டியிருந்திருக்கிறது. மிஸ்ஸிடம் வரைபடத்தில் தரங்கம்பாடியைத் தொட்டுக் காட்டினேன். அவர் பென்சிலால் அதைச் சுற்றி மெல்லிசாக ஒரு வட்டம் போட்டார்.

மாமனாரைப் பிடித்துக்கொடுத்தது ஒரு பையனின் பெயர். கிழவரின் இரண்டாவது மகனுடைய முதல் பெயர் யாருக்கும் முதல் பெயராக இருக்க முடியாத பெயர். அது மேல்கரைக்காரரின் குடும்பப் பெயர். தாய் பிறந்த வீட்டுப் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அங்கே வழக்கம். நம்மிடம் தாத்தாவின் பெயரைத் தாங்குவதால் அவன் பேரன், அங்கே ஒரு குடும்பமே பையனின் பெயருக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

கல்யாணப் பத்திரம் கிடைக்கவில்லை. வட கரோலினாவில் அந்தக் காலத்தில் உரிமம் வாங்கிக் கல்யாணம் செய்தால் மாப்பிள்ளை ஜாமீன் எழுதித் தர வேண்டும், அது காப்பகத்தில் இருக்கும். கோயிலில் மூன்று முறை அறிவித்துக் கல்யாணம் செய்தவர்களுக்கு அரசிடம் காகிதமே இல்லை. ஆகவே மேல்கரைக்காரரின் உயிலைத் தேடினோம். ஒரு செவ்வாய்க்கிழமை, மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், அது வந்தது. மகன்களுக்கு நிலம். மகளுக்கு, அவளுடைய முதல் பெயரையும் புகுந்த வீட்டுப் பெயரையும் சேர்த்து எழுதி, ஐந்து ஷில்லிங்.

"அஞ்சு ஷில்லிங்தானா? ஓடிப்போய்க் கட்டிக்கிட்டாளோ?" என்று மிஸ் பதறினார். பக்கத்து மேஜையில் இருந்த அம்மாதான் தலையை நிமிர்த்தி, "அப்படி இல்லை. அவளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கல்யாணத்தின்போதே கொடுத்திருப்பார். மறந்துவிடவில்லை என்று காட்டத்தான் அந்த ஐந்து ஷில்லிங்" என்றார். சீர் செய்து அனுப்பிய மகள். எனக்கு உடனே புரிந்தது. மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன். இருநூறு வருஷமாக ஒரு கட்டத்துக்குள் எண்ணிக்கையாக இருந்தவளுக்கு அன்றைக்குப் பெயர் வந்தது.

பிறகு பக்கத்தைத் தள்ளினோம். உயில் முடியவில்லை. அடுத்த வரிகளில் மூத்த மகனுக்கு ஒரு கறுப்பின ஆள், மனைவிக்கு ஒரு பெண்ணும் அவள் குழந்தையும், இளைய மகனுக்கு ஒரு சிறுமி. பசுவுக்கும் படுக்கைக்கும் நடுவே எழுதியிருந்தது. நாலு பேருக்கும் முதல் பெயர் மட்டும்.

பக்கத்து மேஜை அம்மா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, கறுப்பினத்தவர். எங்களைவிட நெடுநாளாக அங்கே வருகிறவர். அவருடைய ஆட்களின் பெயர் கணக்கில் முதன்முதலாக முழுசாக வருவது 1870இல். அதற்கு முந்தைய 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம்தான் இருக்கும். விடுதலைக்குப் பிறகு, 1866இல், சேர்ந்து வாழ்ந்த தம்பதிகள் எவ்வளவு காலமாகச் சேர்ந்திருக்கிறோம் என்று நீதிமன்றத்தில் பதிய வேண்டும் என்று வட கரோலினா சட்டம் போட்டது. இருபது வருஷம், முப்பது வருஷம் என்று வரிசையாக வந்து சொன்னவர்களின் பதிவேட்டை அவர் ஒருமுறை எனக்குக் காட்டியிருக்கிறார். அதற்கும் முந்தியவர்களை அவர் தேட வேண்டிய இடம் மிஸ்ஸின் முன்னோர்கள் எழுதிய உயில்கள்தான்.

மிஸ் எழுந்து போய், தன் திரையைப் பார்க்கச் சொன்னார். குரல் நடுங்கியது. "இதை உங்களுக்கு நகல் எடுத்துத் தரலாமா? உங்க ஆளுங்களா இருக்காது..."

"யாரோ ஒருவருடைய ஆளுங்கதானே" என்றார் ஆசிரியை. நாலு பெயரையும் தன் அட்டைகளில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார், கிடைத்த இடம், வருஷம், யாரிடமிருந்து யாருக்கு என்று. அப்படிப்பட்ட அட்டைகள் அவரிடம் ஒரு காலணிப் பெட்டி நிறைய இருந்தன. அதற்குப் பிறகு எந்த உயிலைத் திறந்தாலும் மிஸ் அந்தப் பெயர்களைத்தான் முதலில் நகல் எடுப்பார். தன் பாட்டிகளைப் பிறகு.

வசந்தத்தில் ஒருநாள் டேவி கவுன்ட்டிக்குப் போனோம். பத்திரத்து அளவுகளைக் கட்டம் போட்ட தாளில் நானே வரைந்திருந்தேன். வெள்ளை ஓக் இல்லை, ஹிக்கரி இல்லை. மேய்ச்சல் நிலமும் முள்கம்பியும் இருந்தன. ஓடை மட்டும் அந்தக் கோணத்திலேயே திரும்பியது. வண்டியின் முன்பக்கத்தில் அவருடைய சீஸ் சாண்ட்விச்சையும் என் எலுமிச்சைச் சோற்றையும் பகிர்ந்து தின்றோம். அவர் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் நாங்கள் வேறு மாநிலத்துக்கு மாற்றலானோம். கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை கூப்பிட்டனுப்பினார். நான் இதே கோட்டோடு போய் நின்றேன். மேஜையில் பைபிள். அறுத்த ஓரத்துக்கு ஒட்டி, அமிலம் இல்லாத புதுத் தாள்கள் மூன்றை மடித்து வைத்திருந்தார். பென்சிலால் எழுதியிருந்தார். பென்சில்தான் மங்காது என்று காப்பகத்தில் சொல்லியிருந்தார்கள். பென்சில்வேனியாக் கிழவர், அவர் மனைவி, இருவருக்கும் பிறந்தவர்கள். எது எந்தப் பத்திரத்திலிருந்து கிடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே. மூன்றாவது தாளில் அந்த நாலு பெயர்கள், பிறகு கிடைத்த மற்றப் பெயர்கள்.

"அடியில நீ சாட்சி போடு" என்றார். பென்சிலை நீட்டினார். "உன் எழுத்துலயே."

தமிழில் போட்டேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"முன்னால புள்ளி வச்சுத் தனியா நிக்குதே, அது என்ன?"

"எங்க அப்பா பெயரோட முதலெழுத்து. நாங்க அப்படித்தான் எழுதுவோம்."

"அதை முழுசா எழுது, ஹனி. தேடி வர்றவங்களுக்கு ஒரு எழுத்து எப்படிப் போதும்?"

அடித்துவிட்டு, அப்பாவின் பெயரை முழுசாக எழுதி, அதற்குக் கீழே மாயவரம் என்றும் எழுதினேன்.